எவோ வீடியோ கேம் போட்டிக்குப் பெயர் கொடுப்பது எப்படி?

வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். "பிளஸ் டூ முடித்த மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். படிப்பு நேரம் போக அதில் ஃபைட்டிங் கேம் விளையாடுகிறான். இப்போது அமெரிக்காவில் நடக்கும் உலகப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன், கிரெடிட் கார்டு கொடுங்கள் என்கிறான். உலகப் போட்டி என்றால் யாராவது தேர்வு செய்துதானே அனுப்புவார்கள்? நாமே பெயர் கொடுக்க முடியுமா? இது ஏமாற்று வேலையா?"

அப்பாவின் சந்தேகம் நியாயமானது. உலகக் கோப்பை கிரிக்கெட்டில் நாமே பெயர் கொடுத்து ஆட முடியாது. ஆனால் மகன் சொல்வதும் பொய் அல்ல. அவர் சொல்லும் போட்டியின் பெயர் எவோ. ஃபைட்டிங் கேம் விளையாடுபவர்களுக்கு உலகில் இதைவிடப் பெரிய திருவிழா இல்லை. கட்டணம் செலுத்திப் பெயர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் கலந்து கொள்ளலாம். சென்ற ஆண்டு கோப்பை வென்றவரே உங்கள் எதிரில் வந்து உட்காரலாம்.

கார்டைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன் இந்தப் போட்டி எப்படி நடக்கிறது, பெயர் கொடுப்பது எப்படி, போனால் என்ன கிடைக்கும் என்பதை எல்லாம் பார்த்துவிடுவோம்.

எவோ என்பது என்ன?

ஃபைட்டிங் கேம் என்பது இரண்டு பேர் நேருக்கு நேர் மோதும் விளையாட்டு. திரையின் மேல் பகுதியில் இருவருக்கும் தனித்தனியே உயிர்க்கோடு இருக்கும். அடி விழ விழ அது குறையும். முதலில் யாருடைய கோடு தீர்கிறதோ அவர் அந்தச் சுற்றில் தோற்றவர். ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன், மார்ட்டல் காம்பாட் போன்றவை இந்த வகை.

1996-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சன்னிவேல் என்ற ஊரில் இருந்த விளையாட்டுக் கூடத்தில், சில பத்து பேர் சேர்ந்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டி ஒன்றை நடத்தினார்கள். அப்போது அதன் பெயர் பேட்டில் பை த பே. 2002-ல் அது எவோ என்று பெயர் மாறியது. 2004-ல் ஒரு முக்கியமான மாற்றம் வந்தது. அதுவரை காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி மெஷின்களில் நடந்த போட்டியை, வீட்டில் டிவியுடன் இணைத்து ஆடும் கேம் கன்சோல்களுக்கு மாற்றினார்கள். விளையாட்டுக் கூடம் இல்லாத ஊரில் இருப்பவரும் வீட்டிலேயே பழகி வரலாம் என்ற நிலை வந்தது. 2005-ல் போட்டி லாஸ் வேகாஸ் நகருக்குச் சென்றது.

அதன் பிறகு வளர்ச்சி வேகமாக இருந்தது. 2023 எவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 விளையாட்டுக்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். வென்றவர் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஆங்ரிபேர்ட். 2018 முதல் ஜப்பானிலும், 2025-ல் பிரான்ஸின் நீஸ் நகரிலும் எவோ நடந்திருக்கிறது. 2025-ல் சோனி நிறுவனம் இதில் வைத்திருந்த பங்கை நம் நாட்டின் நோட்வின் கேமிங் நிறுவனம் வாங்கியது.

எல்லாப் போட்டிகளும் இப்படி அல்ல

வீடியோ கேம் உலகப் போட்டிகள் இரண்டு வகை. முதல் வகையில் குழுக்கள் தகுதிச் சுற்றுகளில் வென்று வர வேண்டும், அல்லது அழைப்பு வர வேண்டும். டோட்டா 2 விளையாட்டுக்கான தி இன்டர்நேஷனல் போட்டி இந்த வகை. 2021-ல் அதன் மொத்தப் பரிசு 4 கோடி டாலரைத் தாண்டியது. அங்கே நாம் பார்வையாளர் டிக்கெட் மட்டும்தான் வாங்க முடியும்.

இரண்டாவது வகை திறந்த போட்டி. தகுதிச் சுற்றும் இல்லை, தேர்வுக் குழுவும் இல்லை. எவோ இந்த வகை. பரிசுப் பணம் மேலே சொன்னதோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

இதை நினைவில் வைத்துக் கொண்டால் ஏமாறவும் மாட்டீர்கள். "உங்கள் திறமையைப் பார்த்து உங்களை எவோவுக்குத் தேர்வு செய்திருக்கிறோம், முன்பணம் அனுப்புங்கள்" என்று இமெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால் அழித்துவிடுங்கள். தேர்வே இல்லாத போட்டிக்கு யாரும் யாரையும் தேர்வு செய்ய முடியாது. அதிகாரப்பூர்வ தளத்தில் நீங்களே உட்கார்ந்து பதிவு செய்வது ஒன்றுதான் வழி.

பெயர் பதிவு செய்வது எப்படி?

எவோவுக்கான பதிவு ஸ்டார்ட் டாட் ஜிஜி என்ற இணைய தளம் வழியாக நடந்து வருகிறது. ரயில் டிக்கெட் முன்பதிவு செய்யத் தெரிந்தவருக்கு இது கஷ்டமே இல்லை. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. முதலில் தளத்தில் கணக்கு ஒன்றைத் தொடங்கவும். இமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் போதும். தினமும் பார்க்கும் இமெயிலையே கொடுக்கவும். ஆட்ட நேரம் பற்றிய தகவல்கள் இதற்குத்தான் வரும்.

2. அடுத்து உங்கள் டேக் கேட்கப்படும். இது விளையாட்டு உலகில் உங்களுக்கான பட்டப் பெயர். இந்தப் பெயரைத்தான் மைக்கில் அழைப்பார்கள். எனவே வாயில் நுழையும்படி சிறியதாக வைக்கவும். ஆனால் உண்மைப் பெயர் கேட்கும் கட்டத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் டைப் செய்திடவும். அரங்கில் அடையாள அட்டையைக் காட்டும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

3. தளத்தின் தேடல் கட்டத்தில் எவோ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். அதே பெயரில் சிறு போட்டிகளும் பட்டியலில் வரலாம். ஆண்டு, ஊர், தேதி மூன்றையும் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கவும். எவோவின் சொந்த இணைய தளத்தில் இருக்கும் பதிவு பட்டனைக் கிளிக் செய்து வருவது இன்னும் பாதுகாப்பானது.

4. பதிவுப் பக்கத்தில் இரண்டு விதக் கட்டணங்கள் இருக்கும். ஒன்று அரங்குக்குள் நுழைவதற்கான பாஸ். மற்றொன்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியான போட்டிக் கட்டணம். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். பாஸ் மட்டும் வாங்கினால் நீங்கள் பார்வையாளர். விளையாட்டின் பெயரையும் டிக் செய்தால்தான் போட்டியாளர்.

5. ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகளில் சேரலாம். ஆனால் இரண்டின் ஆட்டங்களும் ஒரே நேரத்தில் வந்தால் சிக்கல். முதல் முறை போகிறவர் ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக் கொள்வது நல்லது.

6. விதிமுறைகள் பக்கம் வரும். படிக்காமல் ஓகே கொடுக்க வேண்டாம். வயது பற்றிய நிபந்தனை, பதிவின் கடைசி நாள், ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறக் கடைசி நாள் ஆகிய மூன்றையும் காலண்டரில் குறித்துக் கொள்ளவும். விசா கிடைக்காமல் போனால் இந்தக் கடைசித் தேதிதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

7. பணம் கட்டும் இடத்தில் கார்டு மறுக்கப்பட்டால் பயப்பட வேண்டாம். 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிமாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டே வருகிறது. வங்கியின் ஆப் அல்லது நெட் பேங்கிங்கில் சென்று அதை நீங்களே இயக்க வேண்டும். தேவையான அளவுக்கு மட்டும் வரம்பு வைத்து, வேலை முடிந்ததும் மீண்டும் நிறுத்திவிடவும்.

8. பணம் கட்டியதும் இமெயிலில் உறுதிச் சீட்டு வரும். அதை பிரின்ட் எடுத்து ஒரு பிரதியும், மொபைல் போனில் ஒரு பிரதியும் வைத்துக் கொள்ளவும்.

பரிசுப் பணம்: ஒரு சின்னக் கணக்கு

"ஜெயித்தால் எவ்வளவு?" அப்பாக்களின் அடுத்த கேள்வி இதுதான். 2019 எவோவை எடுத்துக் கொள்வோம். டெக்கன் 7 விளையாட்டுக்கு 1,885 பேர் பெயர் கொடுத்தார்கள். ஆளுக்கு 10 டாலர் வீதம் 18,850 டாலர் சேர்ந்தது. இதில் 60 சதவீதம், அதாவது 11,310 டாலர், முதல் பரிசு. இரண்டாம் இடத்துக்கு 20 சதவீதம், மூன்றாம் இடத்துக்கு 10, நான்காம் இடத்துக்கு 4. ஐந்தாம் இடத்தைப் பகிரும் இருவருக்கு தலா 2 சதவீதம், ஏழாம் இடத்தைப் பகிரும் இருவருக்கு தலா 1 சதவீதம்.

ஏழாம் இடத்துக்கு 188 டாலர் 50 சென்ட். 1,885 பேரில் 1,877 பேருக்கு ஒரு பைசா கிடையாது. பரிசு வென்ற வெளிநாட்டவருக்கு அமெரிக்காவில் பொதுவாக 30 சதவீதம் வரிப் பிடித்தமும் உண்டு. பரிசு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்றாலும் கணக்கின் போக்கு இதுதான். எனவே செலவை ஈடுகட்டும் எண்ணத்தோடு யாரும் எவோவுக்குப் போக வேண்டாம்.

இரண்டு தோல்வி வரை இடம் உண்டு

எவோவில் ஒரு முறை தோற்றால் வெளியேற்றிவிட மாட்டார்கள். இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம். ஆங்கிலத்தில் இதை டபுள் எலிமினேஷன் என்பார்கள்.

எல்லோரும் வென்றோர் பிரிவில் தொடங்குவார்கள். முதல் தோல்வியில் தோற்றோர் பிரிவுக்கு இறங்குவீர்கள். அங்கே உங்களைப் போலவே ஒரு முறை தோற்றவர்களோடு ஆட்டம். அங்கும் தோற்றால் போட்டி முடிந்தது. அங்கே தொடர்ந்து வென்றுகொண்டே போனால் இறுதி ஆட்டம் வரை போய்க் கோப்பையையும் வெல்லலாம். 2019-ல் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் விளையாட்டில் 3,492 பேரைத் தாண்டி வென்ற மெக்சிகோ வீரர் எம்கேலியோ, தோற்றோர் பிரிவு வழியாக வந்தவர்தான்.

இந்த முறையில் எத்தனை ஆட்டங்கள் தேவை என்று கணக்கிடுவது எளிது. 1,885 பேரில் வென்றவரைத் தவிர மற்ற 1,884 பேரும் தலா இரண்டு முறை தோற்க வேண்டும். ஆக 3,768 மோதல்கள். வென்றவரும் ஒரு முறை தோற்றிருந்தால் இன்னும் ஒன்று கூடும். ஒரு விளையாட்டுக்கே இவ்வளவு. இதை வெள்ளி, சனி, ஞாயிறு என்று 3 நாளில் முடிக்க வேண்டும். அதனால்தான் போட்டியாளர்களைப் பூல் எனப்படும் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு பூலுக்கும் ஒரு நேரத்தையும் ஒரு மேஜையையும் ஒதுக்குகிறார்கள்.

இன்னொரு கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். முதல் ஆட்டத்தில் பாதிப் பேர் தோற்பார்கள். அவர்கள் தங்களுக்குள் மோதும்போது அதில் பாதிப் பேர் மறுபடி தோற்பார்கள். ஆக ஏறத்தாழ கால் பங்குப் பேர் ஒரு வெற்றிகூட இல்லாமல் முதல் நாளே வெளியேறுவார்கள். இது திறமைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். எத்தனை பெரிய வீரர்கள் வந்தாலும் இந்தப் போட்டி முறையில் கால் பங்குப் பேருக்கு இதுதான் நடக்கும். அந்தக் கால் பங்கில் நம் பிள்ளையும் இருக்கலாம் என்பதை வீட்டில் முன்பே பேசிக் கொள்ளுங்கள்.

வீட்டில் பயிற்சி செய்வது எப்படி?

ஃபைட்டிங் கேம்கள் ஒரு நொடிக்கு 60 படங்கள் என்ற வேகத்தில் ஓடுகின்றன. அதாவது ஒரு படம் திரையில் இருப்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம். சில தாக்குதல்களைத் தடுக்க உங்களுக்குக் கிடைப்பது சில படங்கள் ஓடும் நேரம் மட்டுமே.

இன்டர்நெட் வழியாகத் தொலைவில் இருப்பவருடன் ஆடும்போது, நீங்கள் அழுத்திய பட்டனின் தகவல் அவருடைய மெஷினுக்குப் போய்ச் சேர நேரம் ஆகும். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு தகவல் போய்த் திரும்பக் கால் நொடியை நெருங்கிவிடும். அதற்குள் 15 படங்கள் ஓடி முடிந்திருக்கும்.

இந்தத் தொல்லைக்குத் தீர்வு தேடியவர்களில் முக்கியமானவர், எவோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான டோனி கேனன். 2006-ல் ஜிஜிபிஓ என்ற மென்பொருளை உருவாக்கினார். எதிராளியின் தகவல் வரும் வரை விளையாட்டை நிறுத்தி வைக்காமல், அவர் இதைத்தான் செய்வார் என்று மென்பொருளே ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தவறாகிவிட்டால் ஒரு கணம் பின்னால் போய்த் திருத்திக் கொள்ளும். இதன் பெயர் ரோல்பேக். இன்று ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 இரண்டிலும் இந்த முறைதான்.

இருந்தாலும் தொலைவை முழுவதும் மறைக்க எந்த மென்பொருளாலும் முடியாது. எனவே ஆன்லைனில் எதிராளியைத் தேடும்போது செட்டிங்ஸ் பகுதியில் அருகில் இருப்பவர்களையே தேர்ந்தெடுக்கவும். வைஃபையைவிட லேன் கேபிள் நல்லது. எல்லாவற்றையும்விட நல்லது, அதே விளையாட்டை ஆடும் நண்பரை வீட்டுக்கு அழைத்து அருகருகே உட்கார்ந்து ஆடுவது. எவோவில் அப்படித்தான் ஆடப் போகிறீர்கள். எதிராளி பக்கத்தில் இருக்கும்போது வரும் கை நடுக்கத்துக்கும் அப்போதுதான் பழக்கம் வரும்.

கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் கவனிக்க!

நம் வாசகர்களில் பலர் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கேம் ஆடுபவர்கள். சமீப ஆண்டுகளில் எவோவில் பெரும்பாலான போட்டிகள் பிளேஸ்டேஷன் 5 கன்சோலில் நடந்திருக்கின்றன. போட்டியாளர் தன்னுடைய கன்ட்ரோலரைத் தானே கொண்டுவர வேண்டும். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளையில் செருகியதும் அழகாக வேலை செய்யும் பல கன்ட்ரோலர்கள் பிளேஸ்டேஷனில் வேலை செய்யாது. கடல் கடந்து போய், மேஜையில் செருகிய பிறகு இது தெரிந்தால் என்ன செய்வது?

எனவே உங்கள் விளையாட்டு எந்த மெஷினில் நடக்கிறது என்று விதிமுறைப் பக்கத்தில் பார்க்கவும். பிறகு அதே மெஷின் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குச் சென்று, உங்கள் கன்ட்ரோலரைச் செருகி ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்கவும். கைப்பிடி கன்ட்ரோலர், நெம்புகோல் வைத்த ஆர்கேட் ஸ்டிக், பட்டன்கள் மட்டுமே உள்ள பெட்டி எனப் பல வகைகள் உண்டு. எது அனுமதி, எது தடை என்ற பட்டியலையும் அங்கேயே பார்க்கலாம்.

பயணமும் விசாவும்

பதிவு செய்துவிட்டால் விசா தானாக வந்துவிடாது. பதிவுச் சீட்டு நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்பதற்கான ஓர் ஆதாரம், அவ்வளவுதான். அமெரிக்காவுக்கான பார்வையாளர் விசாவுக்கு டிஎஸ்-160 என்ற படிவத்தை ஆன்லைனில் பூர்த்தி செய்து, கட்டணம் செலுத்தி, நேர்முகத்துக்கு நாள் வாங்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் மாதத்தில் 185 டாலராக உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பி வராது. நேர்முகத்துக்கு நாள் கிடைக்கவே பல மாதங்கள் ஆகலாம். எனவே முதலில் பாஸ்போர்ட், அடுத்து விசா, அதன் பிறகே விமான டிக்கெட். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

விமானக் கட்டணம், தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் செலவு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். போட்டிக் கட்டணம் அதில் மிகச் சிறிய பகுதிதான். லாஸ் வேகாஸ் பாலைவன நகரம். கோடையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஆனால் அரங்குக்குள் ஏசி குளிரும். குளிரில் விரல் விறைத்தால் ஆட்டம் போச்சு. மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றை எடுத்துச் செல்லவும். கன்ட்ரோலரைக் கைப் பையில் மட்டும் வைக்கவும். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் கன்ட்ரோலர் கையில் இருக்கும்.

போட்டி நாளில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, பதிவு மேஜையில் அடையாள அட்டையைக் காட்டிப் பேட்ஜ் வாங்குவது. முதல் நாள் காலை வரிசை நீளமாக இருக்கும். முந்தைய நாளே கொடுத்தால் வாங்கிவிடவும்.

உங்கள் பூல் எண், நேரம், மேஜை எண் மூன்றும் ஸ்டார்ட் டாட் ஜிஜி கணக்கில் தெரியும். கடைசி நேரத்தில் மாறலாம் என்பதால் காலையில் ஒரு முறை சரிபார்க்கவும். உங்கள் போனில் உள்ளூர் நேரம் காட்டுகிறதா என்றும் பார்க்கவும். அழைக்கும்போது இல்லாவிட்டால் அந்த ஆட்டம் தோல்விக் கணக்கில் போய்விடும். அரை மணி முன்னதாகவே மேஜைக்கு அருகில் இருப்பது நல்லது.

மேஜையில் உட்கார்ந்ததும் அவசரப்பட வேண்டாம். பட்டன்களைச் சரிபார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. எதற்கு எந்தப் பட்டன் என்று அமைத்து, ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்த பிறகே ஆட்டத்துக்குச் சம்மதிக்கவும். தொடக்கச் சுற்றுகளில் மூன்றுக்கு இரண்டு ஆட்டம் வென்றவர் வெற்றி பெறுவார். கடைசிக் கட்டங்களில் இது ஐந்துக்கு மூன்றாகும். ஒரு ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் தன் கேரக்டரை மாற்றிக் கொள்ளலாம், வென்றவர் மாற்றக் கூடாது என்பது பொதுவான விதி.

இரண்டு விஷயங்களில் மிகவும் கவனம் தேவை. ஆட்டம் நடக்கும்போது பாஸ் பட்டனில் கை பட்டுத் திரை நின்றுவிட்டால் அந்தச் சுற்றையே இழக்க நேரும். வீட்டிலேயே செட்டிங்ஸில் அந்தப் பட்டனைச் செயலிழக்கச் செய்யும் வழியைப் பழகிக் கொள்ளவும். இரண்டாவது, வயர் இல்லாத கன்ட்ரோலர். அதை மெஷினுடன் இணைத்து ஆடிவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் எழுந்து போனால், நீங்கள் வேறு இடத்தில் நின்று பட்டனை அழுத்தும்போது அடுத்தவர் ஆட்டம் கெடும். முடிந்தவரை வயரிலேயே ஆடவும்.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம் கை குலுக்குவது அங்கே வழக்கம். முடிவு சரியாகப் பதிவாகிறதா என்று நின்று பார்த்துவிட்டு நகரவும். தோற்றிருந்தால் தோற்றோர் பிரிவில் அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளவும். முதல் தோல்வியிலேயே எல்லாம் முடிந்தது என்று நினைத்து வெளியே போய்விட்டு, மீதி இருந்த வாய்ப்பை இழக்க வேண்டாம்.

தோற்ற பிறகு?

முதல் நாளே இரண்டு முறை தோற்றுவிட்டால் மீதி நாட்கள் வீணா? நிச்சயம் இல்லை. அரங்கில் போட்டிக்குச் சம்பந்தமில்லாமல் சும்மா ஆடிப் பழகவும் இடம் உண்டு. டிவியில் மட்டும் பார்த்த வீரர்கள் அங்கே சாதாரணமாக உட்கார்ந்து ஆடிக் கொண்டிருப்பார்கள். ஒரு ஆட்டம் ஆடலாமா என்று தயங்காமல் கேட்கலாம். தோற்றதும், "எங்கே தவறு செய்தேன்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லித் தருவார்கள். வீட்டில் ஆறு மாதம் ஆடிக் கற்பதை அங்கே ஒரு மாலையில் கற்கலாம்.

எவோ வரலாற்றில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் ஆட்டமும் இறுதி ஆட்டம் அல்ல. 2004-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 விளையாட்டில் ஜப்பானின் டைகோ உமேஹராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் தோற்றோர் பிரிவின் கடைசி ஆட்டத்தில் மோதினார்கள். டைகோவின் உயிர்க்கோட்டில் ஒரு துளிதான் மிச்சம். இன்னும் ஒரு அடி பட்டால் முடிந்தது. ஜஸ்டின் தொடர்ந்து 15 அடிகள் கொண்ட தாக்குதலை ஏவினார். டைகோ பதினைந்தையும் சரியான நேரத்தில் தடுத்து, திருப்பி அடித்து வென்றார். அந்த வீடியோவை உலகமே பார்த்தது. ஆனால் அதற்கு அடுத்த இறுதி ஆட்டத்தில் டைகோ தோற்றுவிட்டார். கோப்பை கெஞ்சி ஓபாட்டா என்ற வேறொரு ஜப்பானியருக்குப் போனது.

சரி, கார்டைக் கொடுக்கலாமா?

கடிதம் எழுதிய அப்பாவுக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் நடந்த எவோ ஜப்பான் போட்டிக்குப் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். விசாவிலும் பயணத்திலும் பட்ட சிரமங்களைத் தாண்டி வந்தவர். டேக் அர்ஸ்லான் ஆஷ். டெக்கன் உலகில் அதுவரை ஜப்பான், கொரியா வீரர்கள்தான் பெரியவர்கள். எல்லோரையும் வென்று கோப்பையைக் கொண்டு போனார். அதே ஆண்டு லாஸ் வேகாஸிலும் அவரே வென்றார். நாம் மேலே கணக்குப் போட்ட 11,310 டாலரைப் பெற்றவர் அவர்தான். 2023, 2024, 2025 ஆண்டுகளிலும் லாஸ் வேகாஸில் அவருக்கே கோப்பை. 2025-ல் இறுதி ஆட்டத்தில் மோதிய இருவருமே பாகிஸ்தானியர்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. லாகூர் வீரர்கள் தனியாக அறைக்குள் உட்கார்ந்து பழகியவர்கள் அல்ல. உள்ளூர் விளையாட்டுக் கூடங்களில், ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் ஆடி வளர்ந்தவர்கள். எவோவின் திறந்த கதவு அவர்களை உள்ளே விட்டது. ஆனால் அவர்களைத் தயார் செய்தது அவர்கள் ஊர்தான்.

எனவே நம் யோசனை இது. இந்த ஆண்டு கார்டு வேண்டாம். ஸ்டார்ட் டாட் ஜிஜி தளத்திலேயே யார் வேண்டுமானாலும் சொந்தமாகப் போட்டி ஒன்றை இலவசமாக உருவாக்கலாம். மகனை அதில் ஒரு போட்டி தொடங்கச் சொல்லுங்கள். எட்டுப் பேர் போதும். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் டிவியை வைத்து, அதே டபுள் எலிமினேஷன் முறையில் நடத்தட்டும். பெயர் பதிவு, பட்டன் சரிபார்ப்பு, நேரத்துக்கு வருதல் எல்லாம் அங்கேயே பழகிவிடும். எட்டுப் பேர் பதினாறு ஆகட்டும். பக்கத்து ஊர்ப் பையன்களும் வரட்டும்.

அவர்கள் அத்தனை பேரையும் அவன் தொடர்ந்து வெல்லத் தொடங்கிய பிறகு மறுபடியும் கார்டு கேட்டால், அப்போது தைரியமாகக் கொடுக்கலாம். முதல் நாளே தோற்றுத் திரும்பினாலும் அது வீண் செலவு ஆகாது.

அந்த எட்டுப் பேர் போட்டியில் நீங்களும் ஒரு பெயர் கொடுங்களேன். முதல் ஆட்டத்தில் மகனிடமே தோற்றாலும் பரவாயில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கும்!